மூச்சு விட நேரம் உண்டா?

ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சியால் பலன் உண்டு என்கிறது விஞ்ஞானம். வேலை நாளின் மீதி நேரத்தை அது சரிசெய்துவிடுமா? கொல்கத்தாவின் அலுவலகங்களும் ஆலைகளும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

டெல்லியிலிருந்து சுற்றறிக்கை வந்தால் மத்திய அரசு ஊழியர் முதலில் தேடுவது பஞ்சப்படி எத்தனை சதவீதம் என்பதைத்தான். 2023 ஜூன் மாதம் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை அனுப்பிய சுற்றறிக்கையில் பஞ்சப்படியும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. அலுவலக நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே யோகாவும் பிராணாயாமமும் செய்ய வழி இருக்கிறது, அதை ஊழியர்களிடம் ஊக்குவியுங்கள் என்று எல்லா அமைச்சகங்களுக்கும் அது யோசனை சொன்னது.

திட்டத்தின் பெயர் 'ஒய்-பிரேக்'. டீ பிரேக் மாதிரி யோகா பிரேக். டெல்லியின் மொரார்ஜி தேசாய் தேசிய யோகா கழகம் ஆயுஷ் அமைச்சகத்துக்காக உருவாக்கியது. கையை உயர்த்துதல், தோளைச் சுழற்றுதல், இடுப்பைத் திருப்புதல், ஆழ்ந்த சுவாசம், மூக்கின் இரு துவாரங்களையும் மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசோதனம், வண்டு போல் ரீங்கரிக்கும் பிராமரி, கடைசியில் சிறிது தியானம். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். 2020 ஜனவரியில் அரசு, தனியார் என 15 அமைப்புகளைச் சேர்ந்த 717 பேரிடம் 15 நாள் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த சில வாரங்களிலேயே கொரோனா வந்து அலுவலகங்களையே மூடியது. 2021 செப்டம்பரில் திட்டம் செல்போன் செயலியாக மறுபிறவி எடுத்தது.

இப்படிப்பட்ட சுற்றறிக்கையைப் பெற்றுக்கொள்ள கொல்கத்தாவில் மேஜைகளுக்குப் பஞ்சமில்லை. கிழக்கு ரயில்வே, தென்கிழக்கு ரயில்வே இரண்டுக்கும் தலைமையகம் இங்கேதான். கோல் இந்தியாவும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையும் இங்கிருந்தே இயங்குகின்றன. மாநில அரசின் தலைமைச் செயலகம் 2013-ல் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து ஹவுராவின் நபன்னாவுக்குப் போன பிறகும், பழைய டல்ஹவுசி சதுக்கத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு 'ஆபீஸ் பாடா' என்ற பெயர் போகவில்லை. சால்ட் லேக்கின் ஐந்தாவது செக்டாரில் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் நிறைந்து இன்னொரு ஆபீஸ் பாடாவே உருவாகியிருக்கிறது. குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் வந்து லேக் மார்க்கெட் பகுதியில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நகரத்தின் கோப்புகளோடு மூன்று நான்கு தலைமுறைப் பழக்கம்.

மூச்சும் வேலையும் சந்திப்பது வங்காளத்துக்குப் புதிதல்ல. கிரியா யோகத்தைப் பரப்பிய லாஹிரி மகாசயர் காவி கட்டியவர் அல்ல, அரசாங்க ஊழியர். நதியா மாவட்டத்தில் பிறந்து காசியில் வாழ்ந்த அவர், பிரிட்டிஷ் அரசின் ராணுவப் பொறியியல் துறையில் கணக்கு எழுதிப் பிழைத்தவர். 1861-ல் ராணிகேத்தில் குருவைச் சந்தித்த பிறகும் வேலையை விடவில்லை. 1886-ல் முறையாக ஓய்வு பெறும் வரை பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் பிராணாயாமம். அவருடைய சீடர்களில் ஒருவர் பகவதி சரண் கோஷ். கார்டன் ரீச்சைத் தலைமையகமாகக் கொண்ட பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் உயர் அதிகாரி. இவருடைய மகன்தான் பரமஹம்ச யோகானந்தர். 1946-ல் வெளியான 'ஒரு யோகியின் சுயசரிதம்' இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுசென்றது. யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ் 1923-ல் கொல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கி யோகாசனத்தைச் சந்நியாசிகளிடமிருந்து சாதாரண நகரவாசிக்கு இறக்கிக் கொடுத்தார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குத் தனிப் பகுதியே இருப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு மூச்சை ஆள்வது என்ற எண்ணம் வியப்பளிக்காது. ஆனால் அதைச் சம்பளக்காரனின் அன்றாடத்துக்குள் கொண்டுவந்ததில் வங்காளிகளின் பங்கு பெரிது.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும், உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஓய்வாக இருக்கும் மனிதன் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகம் பிடிக்கிறது, வெளியே விடும்போது தணிகிறது. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. 'ஆபத்து' என்று துள்ளும் நரம்புகளை அடக்கி, 'அமைதி' என்று சொல்லும் நரம்பு அது. கழுத்திலும் மார்பிலும் உள்ள பெரிய ரத்தக் குழாய்களில் ரத்த அழுத்தத்தை வேவு பார்க்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தைத் தணிக்கச் சொல்லி மூளைக்குச் செய்தி அனுப்புவது அவற்றின் வேலை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற நிதானத்தில் இந்த ஏற்பாடு மிகக் கூர்மையாக இயங்குகிறது.

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சானோ பெர்னார்டியும் சகாக்களும் 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், பிறகு யோக மந்திரம் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலின் திறனும் கூடியது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொன்னது.

ரீங்காரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வாயை மூடி முனகும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, சாதாரண வெளிமூச்சில் இருப்பதைப் போல 15 மடங்கு இருப்பதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2002-ல் காட்டினார்கள். நெற்றிக்கும் கன்னத்துக்கும் பின்னாலுள்ள சைனஸ் அறைகள் நன்கு காற்றோட்டம் பெறுகின்றன என்பதே இதன் பொருள். இதை வைத்து பிராமரி சகல ரோக நிவாரணி என்று முடிவுகட்டுவது அவசரம்.

2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அலுவலகங்களுக்கு இன்னும் நெருக்கமானது. நூறுக்குச் சற்று அதிகமானவர்கள் ஒரு மாதம், தினம் ஐந்தே நிமிடம் பயிற்சி செய்தார்கள். சிலருக்கு மூச்சுப் பயிற்சி, சிலருக்கு தியானம். எல்லோருக்குமே பதற்றம் குறைந்தது. ஆனால் மனநிலை அதிகம் தெளிந்தது மூச்சுப் பயிற்சிக்காரர்களுக்குத்தான். அவர்களிலும், இரண்டு மடக்காக உள்ளிழுத்து நீளமாக வெளிவிடும் பெருமூச்சு முறையைப் பின்பற்றியவர்கள் முன்னே நின்றார்கள். வீட்டில் பாட்டி பெருமூச்சு விட்டால் 'என்ன கவலை?' என்று கேட்பது வழக்கம். கவலையை இறக்கிவைக்க உடம்பு கண்டுபிடித்த வழியே அதுதான் போலிருக்கிறது.

ஆக, பலன் உண்டு. செலவு இல்லை, கருவி வேண்டாம், நாற்காலி போதும். நான்கைந்து விநாடி மூக்கால் இழுத்து, ஐந்தாறு விநாடி நிதானமாக விட்டு, ஐந்து நிமிடம் தொடர்ந்தால் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். மூச்சை நீண்ட நேரம் அடக்குவதையும், கபாலபாதி போன்ற வேகமான முறைகளையும் இதய நோயாளிகள், உயர் ரத்த அழுத்தக்காரர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சை நம்புவது ஆபத்து.

இந்தச் சிறிய கருவியை நிர்வாகக் கலையாகவே வளர்க்க முயன்றவர் கொல்கத்தாவில் இருந்தார். ஜோக்காவில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர் எஸ்.கே.சக்ரவர்த்தி. மேலாண்மைக் கணக்கியல் நூல்கள் எழுதிய இவர், 1980-களில் லாப நஷ்டத்திலிருந்து மனிதனின் மனத்துக்குத் திரும்பினார்.

காலமும் ஊரும் அதற்குப் பொருத்தமானவை. அதிகாரியைச் சூழ்ந்து நின்று நகரவிடாமல் செய்யும் 'கெரோ' என்ற சொல்லை ஆங்கில அகராதிக்குள் அனுப்பிய மாநிலம் மேற்கு வங்கம். 1967-ல் ஐக்கிய முன்னணி ஆட்சியில் கெரோக்கள் பெருகின. அவற்றில் தலையிடுவதற்குப் போலீசின் கையைக் கட்டிய அரசுச் சுற்றறிக்கைகள் செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கதவடைப்பு, வேலைநிறுத்தம், மூடல் என்று நிர்வாகியும் தொழிலாளியும் பகைவர்களாகவே பழகிப்போனார்கள்.

இந்தப் பின்னணியில், அமெரிக்கப் பாடப் புத்தகங்கள் நிறுவனத்தின் அமைப்பைத் திருத்துகின்றன, அதை நடத்தும் மனிதனின் மனத்தைத் தொடுவதில்லை என்பது சக்ரவர்த்தியின் வாதம். கீதை, விவேகானந்தர், தாகூர், அரவிந்தர் ஆகியோரிடமிருந்து எடுத்த கருத்துகளோடு, மூச்சைச் சீராக்கி மனத்தை நிலைநிறுத்தும் பயிற்சிகளையும் சேர்த்து நிறுவனங்களில் முகாம்கள் நடத்தினார். பலனில் பற்று வைக்காத செயல், சித்தசுத்தி ஆகியவை மேலாளர்களின் சொற்களஞ்சியத்தில் நுழைந்தன. 1987-ல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே நிர்வாகத் திறனையும் பணி வாழ்வின் தரத்தையும் இணைத்துப் பேசியது. 1990-களின் தொடக்கத்தில் ஜோக்காவில் மனித விழுமியங்களுக்கான மேலாண்மை மையம் அமைந்தது. 1995-ல் அதற்கென்று ஓர் ஆய்விதழும் தொடங்கியது. 'வெல்னஸ்' என்ற சொல் இந்திய நிறுவனங்களில் புழங்கத் தொடங்குவதற்கு வெகு முன்பு நடந்த காரியம் இது.

இந்தப் பாதையில் ஒரு நியாயம் உண்டு. கோபக்கார மேலாளர் ஒருவர் ஆத்திரத்தில் வாய் திறப்பதற்கு முன் பத்து மூச்சு நிதானித்தால் அவருக்குக் கீழே இருக்கும் ஐம்பது பேருக்கு நல்லது. ஆனால் ஒரு கேள்வியும் உண்டு. தவறு மனத்தில் இல்லாமல் வேலையிலேயே இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு உலக ஆய்வுகள் தரும் விடை நலத்திட்டக்காரர்களுக்கு உவப்பானதல்ல. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நலத்திட்டத்தில் சேர வாய்ப்புக் கொடுத்தார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, மருத்துவச் செலவு, பழக்கவழக்கம், வேலைத் திறன் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள். 'எங்கள் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நலமாக இருக்கிறார்கள்' என்று நிறுவனங்கள் காட்டும் பட்டியல்களின் ரகசியம் இதுதான். அதே ஆண்டு அமெரிக்க மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் 32,974 ஊழியர்களிடையே நடந்த ஆய்வும், கொஞ்சம் உடற்பயிற்சி கூடியது, ரத்தப் பரிசோதனையிலோ விடுப்பிலோ வேறுபாடு இல்லை என்றது.

2024-ல் ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃப்ளெமிங் வெளியிட்ட கணக்கு இன்னும் பெரியது. பிரிட்டனில் 233 நிறுவனங்கள், 46,336 ஊழியர்கள். தியான வகுப்பு, மன அழுத்தப் பயிற்சி, தூக்கத்துக்கான செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இல்லை. தொண்டுப் பணி ஒன்றுதான் விதிவிலக்கு. ஒரே சமயத்தில் எடுத்த கருத்தறிதல் என்பதால் முன்பு எப்படி, பின்பு எப்படி என்று அது சொல்லாது. இருந்தாலும் நிறுவனங்கள் கொட்டும் பணத்துக்கு இது ஓர் எச்சரிக்கை.

ஸ்டான்ஃபோர்டு சொல்வதும் ஆக்ஸ்ஃபோர்டு சொல்வதும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. மூச்சுப் பயிற்சி செய்பவருக்குப் பதற்றம் குறைகிறது. ஆனால் பயிற்சி முடிந்து திரும்பும் மேஜையில் இரண்டு ஆள் வேலை காத்திருந்தால் குறைந்தது மறுபடி ஏறிவிடுகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் ஏற்பட்ட பக்கவாதமும் இதய நோயும் உலகில் 7,45,000 உயிர்களைக் கொண்டுபோயின. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட மதிப்பீடு இது. மறு ஆண்டு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, ஊழியருக்கான பயிற்சிகளோடு நிற்காமல், வேலைச் சுமை, வேலை நேரம், முடிவெடுப்பதில் ஊழியருக்கு இடம் ஆகியவற்றையும் திருத்தச் சொன்னது. மேலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் சொன்னது. அந்த வகையில் ஜோக்கா பாதி வழி வந்திருந்தது.

மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஹூக்ளியின் கரைக்குப் போக வேண்டும். 1855-ல் ரிஷ்ராவில் முதல் ஆலை தொடங்கிய நாள் முதல் இந்த நதியின் இரு கரைகளும் சணலின் ராஜ்யம். நாட்டின் சணல் ஆலைகளில் பெரும்பாலானவை இன்றும் இங்கேதான். எண்ணெயும் நீரும் தெளித்து மென்மையாக்கிய சணல், சிக்கெடுக்கும் எந்திரங்களுக்குள் போகும்போது நார்த்தூசு பறக்கிறது. அந்தத் தூசைத்தான் தொழிலாளி மூச்சாக இழுக்கிறார்.

பஞ்சாலைத் தொழிலாளர்களின் நுரையீரலைத் தாக்கும் 'பிசினோசிஸ்' நோயைக் கோவை, மதுரை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் உண்டு. ஆண்டுக்கணக்கில் தூசை இழுத்தால் இறுக்கம் நிரந்தரமாகிவிடும். சணலால் இந்த நோய் வராது என்ற கருத்து வெகுகாலம் நிலவியது. கொல்கத்தாவில் உள்ள வட்டாரத் தொழில்சார் சுகாதார மையத்தின் ஆய்வாளர்கள் மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்ட கட்டுரை அதற்கு மாறானதைச் சொன்னது. விடுமுறைக்கு அடுத்த முதல் வேலை நாளில் மூச்சை வேகமாக வெளியேற்றும் திறன் இறங்குவது உள்ளிட்ட பிசினோசிஸ் அடையாளங்கள் அவர்களிடம் தெரிந்தன.

அலுவலக ஊழியருக்குத் திங்கட்கிழமை என்றால் மனம் கனக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு நெஞ்சே கனக்கிறது. முன்னவருக்கு மூச்சுப் பயிற்சி மருந்து. பின்னவரைத் தூசுக்கு நடுவே நிற்கவைத்து 'ஆழமாக மூச்சை இழுங்கள்' என்றால் அது கொடுமை. ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பிலோ கரியாஹாட்டிலோ பஸ் புகைக்கு நடுவே நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும் இது பொருந்தும். காற்றில் கலந்த நுண்தூசுக்கு இந்தியா விதித்திருக்கும் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 15. கொல்கத்தாவின் குளிர்காலத்தில் இந்தியாவின் தாராளமான வரம்பே பல நாள் தாண்டப்படுகிறது.

இவர்களுக்கு மூச்சுப் பயிற்சியே வேண்டாம் என்பதல்ல. நுரையீரல் ஏற்கெனவே கெட்டவருக்கு, விசில் அடிப்பது போல் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடும் முறை மூச்சுத் திணறலைத் தணிக்கிறது. மருத்துவர்கள் கற்றுத்தருவதுதான் அது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் தூசை எந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சி அகற்ற வேண்டும், பிறகு காற்றோட்டம், பிறகு நல்ல முகக்கவசம், ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை. பயிற்சி அதற்குப் பின்னால் வர வேண்டும்.

சட்டம் இதைத் தெரியாமல் இல்லை. தூசையும் புகையையும் அகற்றுவது முதலாளியின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேண்டீன், 500 பேர் இருந்தால் தொழிலாளர் நல அதிகாரி என்றும் விதித்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கைகளை 100, 250 என்று இறக்கியது. குறிப்பிட்ட வயதினருக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனையையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. 'நலத்திட்டம்' என்ற பெயர் இல்லாவிட்டாலும் உண்மையான நலத்திட்டம் இதுதான். ஏட்டில் உள்ளதை ஆலையில் காண இன்ஸ்பெக்டர் வர வேண்டும், தொழிற்சங்கம் கேட்க வேண்டும்.

நாற்காலி யோகாவைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் நிதானமாக மூச்சுவிடும் ஊழியர் அந்த ஐந்து நிமிடத்துக்காவது தன் உடம்புக்குச் சொந்தக்காரர். லாஹிரி மகாசயர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் செய்ததும் அதுவே. ஆனால் கணக்குப் புத்தகத்தை மூட அவருக்கு ஒரு நேரம் இருந்தது. இரவு பத்து மணிக்கும் செல்போனில் மேலாளரின் செய்தி வந்து விழும் ஐந்தாவது செக்டார் இளைஞருக்கும், தூசு உறிஞ்சும் எந்திரத்துக்காகக் காத்திருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் நிர்வாகம் முதலில் தர வேண்டியவை மூச்சு விட நேரமும், மூச்சு விடத் தகுந்த காற்றும். எப்படி மூச்சு விடுவது என்பதை அவர்கள் ஐந்தே நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள்.